கணக்குக் காட்டாதவனின் மைத்துனன்: உத்தரமேரூர்ச் சாசனங்கள் இரண்டையும் சேர்த்துப் படித்தல்

சோழ மன்னன் முதற் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில் (919) ஒருமுறையும், 14ஆம் ஆட்சியாண்டில் (921) மறுமுறையும் உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலத்து மகாசபை தன் வாரியங்களுக்கு, அதாவது நிர்வாகக் குழுக்களுக்கு, ஆள் எடுக்கும் முறையைக் கல்லில் வெட்டுவித்தது. இந்தியத் தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் வி. வெங்கையா பாடத்தைப் பதிப்பித்த நாள்முதல் இரண்டாவது சாசனமே எல்லோர் கையிலும் புழங்குகிறது. அது நீண்டது, தெளிவானது, பாடநூலுக்கு வாகானது. முதலாவது அதற்கு முன்வரைவுபோல ஓரத்தில் நிற்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளைக் குறித்தவர்களும் பெரும்பாலும் ‘திருத்தம்’ என்ற ஒரு சொல்லோடு நகர்ந்துவிட்டார்கள். எதைத் திருத்தினார்கள், ஏன் இரண்டே ஆண்டுக்குள் திருத்த வேண்டிவந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 919இல் சபை, வாரியம் செய்து ஒழிந்தவர்களின் உறவினர் அனைவரையும் விலக்க முயன்றது. அந்த விதி நின்று பிடிக்கவில்லை. 921இல் அதை விட்டுவிட்டு, கணக்குக் காட்டாதவர்களின் உறவினரை மட்டும், ஆனால் பெயர் சொல்லாத குறையாக ஒவ்வோர் உறவையும் எண்ணி, விலக்கியது.

இச்சாசனங்களைப் படித்தவர்கள் இரு தரப்பாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு தரப்புக்கு இவை தேர்தலின் பழஞ்சான்று; வயது, சொத்து, கல்வித் தகுதிகளும் ஓலைகளைக் குடத்தில் இட்டுப் பொதுவில் எடுக்கும் குடவோலைச் சீட்டும் இந்தக் கால மக்களாட்சியின் முன்னோடிகள். மறு தரப்பு இதை மறுத்து, பிரமதேயத்து நிலவுடைமைப் பிராமணர் தங்களுக்குள் பதவியைச் சுற்றிவிட்டுக்கொண்ட ஏற்பாடு என்கிறது. யார் உள்ளே, யார் வெளியே என்ற அளவில் இரண்டாம் தரப்பு சொல்வது முழுக்கச் சரி. பெண்களும், நிலமற்றவர்களும், பிற சாதியாரும் அந்தக் குடத்தின் அருகே வரவே இல்லை. ஆனால் அந்த விடை 919க்கும் 921க்கும் ஒரேபோல் பொருந்துகிறது. இரண்டிலும் தகுதி பெறும் வர்க்கம் ஒன்றே. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல், தன் மனையில் கட்டிய வீடு, வேதக் கல்வி என்பவை அடிப்படையில் மாறவில்லை. மாறாத ஒன்றைக்கொண்டு மாற்றத்தை விளக்க முடியாது. இரு தரப்பும் ‘யார் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்’ என்றே கேட்கின்றன. சாசனங்களில் கூடுதல் இடம் பிடிப்பதோ யார் பெயர் ஓலையில் எழுதப்படக் கூடாது என்பது.

919ஆம் ஆண்டுச் சாசனத்தில் உறவினர் பற்றிய விதி சிறியது. மூன்றாண்டுக்குள் வாரியம் செய்யாதவராக இருக்க வேண்டும்; செய்து ஒழிந்த பெருமக்களுக்கு நெருங்கிய பந்துக்களாகவும் இருக்கக் கூடாது. அவ்வளவே. எந்த உறவு நெருக்கம், எது தூரம் என்று சாசனம் சொல்லவில்லை. ஒழிந்தவர் ஒழுங்காகப் பணி செய்தவரா, இல்லையா என்றும் கேட்கவில்லை. நல்லவரின் தம்பிக்கும் தீயவரின் தம்பிக்கும் ஒரே விலக்கு.

இந்த விதியை ஓர் ஊரில் நடத்திப் பார்த்தால் என்ன ஆகும்? குடும்புகள் எனப்படும் ஊர்ப் பிரிவுகள் முப்பது. ஆண்டுக்கு முப்பது பேர் வேண்டும். ஒருவர் ஓராண்டு இருந்தபின் மூன்றாண்டு விலகியிருக்க வேண்டும் என்றால், குடும்புக்கு ஓர் ஆள் என்று வைத்தாலே, ஒவ்வொன்றிலும் தகுதியுள்ளவர் குறைந்தது நால்வர் வேண்டும். நால்வர் மட்டுமே இருந்தால் நான்காம் ஆண்டு குடத்தில் ஓர் ஓலைதான் கிடக்கும். அப்போது குலுக்குவதற்கே பொருளில்லை. ஆக ஐவர் அறுவராவது வேண்டும். இந்த நெருக்கடிக்கு மேல் உறவு விலக்கும் வருகிறது. பெண் கொடுத்தும் எடுத்தும் பின்னிக் கிடக்கும் ஒரு சமூகத்தில், பதவி விட்ட முப்பது பேரின் தம்பிகளையும் மைத்துனர்களையும் மருமக்களையும் கழித்தால் எஞ்சுவது எத்தனை பேர்? உத்தரமேரூரின் அன்றைய குடித்தொகையை நாம் அறியோம் ஆதலால் இதை எண்ணிக்கையாக நிறுவ இயலாது. ஆனால் திசை ஐயத்துக்கு இடமற்றது. அந்த விதியை எழுத்துப்படி காத்தால் குடம் காலியாகும். தளர்த்தினால் ‘இவர் நெருங்கிய பந்துவா’ என்று ஒவ்வோர் ஓலைக்கும் வழக்கு எழும்.

921இல் நாம் காண்பது இந்த இரண்டு இடர்களுக்கும் ஒருசேர வந்த மறுமொழி. விலக்கின் காரணம் குறுகுகிறது. முன்பு எந்த வாரியமானாலும் செய்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் இருந்தவரே இப்போது விலக்கப்படுபவர். கணக்கை ஒப்புவித்தவரின் உறவினருக்குத் தடை எதுவும் சொல்லப்படவில்லை. அதே சமயம் விலக்கின் வீச்சு எள்ளளவும் ஐயம் எழாதபடி வரையறுக்கப்படுகிறது. தாயின் தங்கை தமக்கையரின் மக்கள், அத்தை மாமன் மக்கள், தாயுடன் பிறந்தவன், தந்தையுடன் பிறந்தவன், தன்னுடன் பிறந்தவன், பெண் கொடுத்த மாமன், மனைவியுடன் பிறந்தவன், தன் உடன்பிறந்தாளை மணந்தவன், உடன்பிறந்தாளின் மக்கள், மகளை மணந்த மருமகன், தந்தை, மகன். இவர்கள் எவர் பெயரும் ஓலையில் ஏறக் கூடாது.

இந்தப் பட்டியலை வெறும் விலக்கு விதி என்று கடந்துபோகாமல் சற்று நின்று பார்க்க வேண்டும். பன்னிரண்டு உறவுகளில் எட்டு தாய்வழியிலோ மனைவி, அத்தை, சகோதரி, மகள் வழியிலோ வருபவை. தந்தைவழியில் வருபவை நான்குதான். அவற்றிலும் தந்தையும் மகனும் பட்டியலின் கடைசியில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். வாரிசு என்று நாம் முதலில் நினைக்கும் மகன், சபையார் நினைவுக்கு முதலில் வரவில்லை. வரிசையை மட்டும் கொண்டு மனநிலையை அளப்பது ஆபத்து என்பதை ஒப்புக்கொள்கிறேன். தருமசாத்திர வழக்கின் ஏதோ ஒரு மரபு இவ்வரிசையை வகுத்திருக்கலாம். ஆயினும் எண்ணிக்கை தற்செயலாகத் தோன்றவில்லை. ஒரே வீட்டுத் தந்தையும் மகனும் அடுத்தடுத்து வந்தால் ஊரே பார்க்கும். மைத்துனன் வேறு வீட்டில், பெரும்பாலும் வேறு குடும்பில், ஒருவேளை வேறு சேரியிலும் (தெருவிலும்) இருப்பான். கணக்கு முடியாத ஏரிப் பணம் அவன் கைக்கு மாறினால் அதை யாரும் உடனே கண்டுகொள்ள மாட்டார்கள். குடும்புவாரியாக ஆள் எடுக்கும் முறை தந்தைவழி உறவைத் தானாகவே ஓரளவு கட்டுப்படுத்திவிடுகிறது. கொண்டான் கொடுத்தான் உறவை அதனால் தொட முடியாது. பட்டியல் தொடுவது அதைத்தான்.

இன்னும் வலுவான சான்று, அதே சாசனத்தில் அடுத்தடுத்து வரும் விலக்குகளை ஒப்பிட்டால் கிடைக்கிறது. பிறர் பொருளைத் திருடியவனுக்குக் குடவோலை கிடையாது. அடாவடிக்காரனுக்குக் கிடையாது. ஊருக்கு முள்ளாய் இருப்பவனுக்கும், உண்ணத் தகாததை உண்டவனுக்கும் கிடையாது. ஆனால் இவர்கள் எவருடைய உறவினரும் விலக்கப்படவில்லை. திருடனின் அண்ணன் வாரியத்துக்கு வரலாம். கணக்குக் காட்டாதவனின் அண்ணன் வர முடியாது. திருட்டைவிடக் கணக்குக் காட்டாமை கொடிய பாவம் என்று அச்சபை கருதியிருக்காது. திருட்டு ஒருவனோடு முடிகிறது, காட்டாத கணக்கு அடுத்து வருபவன் கையில் தொடர்கிறது என்று கருதியது என்பதே இதற்கு நான் காணும் ஒரே விளக்கம். அடுத்து வருபவன் உறவினன் ஆனால் அந்தக் கணக்கு எப்போதும் திறக்கப்படாது.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது கனமானது. தகாப் புணர்ச்சியிலும், மகாபாதகங்களுள் முதல் நான்கிலும் பெயர் பட்டவர்களின் உறவினரும் இதே பட்டியலால் விலக்கப்படுகிறார்கள். அப்படியானால் உறவு விலக்கின் அடிப்படை தீட்டுதானே, கணக்கு அல்லவே என்று கேட்கலாம். சாசனத்தின் கட்டமைப்பே இதற்கு விடை தருகிறது. உறவுப் பட்டியல் எழுதப்படுவது கணக்குக் காட்டாதவர் என்ற தலைப்பின் கீழ். அதுவே விலக்குகளில் முதலாவது. பாதகம் செய்தவர்களிடம் வரும்போது, முன் சொன்ன அத்தனை உறவினரும் என்று சுட்டி முடித்துவிடுகிறார்கள். பட்டியல் கணக்குக்காக ஆக்கப்பட்டது, பாதகத்துக்குக் கடன் கொடுக்கப்பட்டது. தீட்டுதான் மூலம் என்றால் வரிசை தலைகீழாக இருந்திருக்கும். கணக்குக் காட்டாதவனைப் பிராமணனைக் கொன்றவனுக்கு இணையாக, உறவினர் அளவிலேனும், வைத்துவிட்டார்கள் என்பதுதான் இங்கே வியக்கத்தக்கது.

சீட்டெடுக்கும் சடங்கிலும் இதே போக்கு தெரிகிறது. 919இன் விதியில் ஏதுமறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்கிறான், அதோடு சரி. 921இல் அதே செயல் பல படிகளாக விரிகிறது. ஒவ்வொரு குடும்பின் ஓலைகளையும் தனித்தனிக் கட்டாகக் கட்டி, மேலே அந்தக் குடும்பைக் காட்டும் வாயோலை வைத்துக் குடத்தில் இட வேண்டும். இளையோரும் முதியோருமாகச் சபை நிரம்பக் கூட வேண்டும். அன்று ஊரில் இருக்கும் கோயில் பூசகரான நம்பிமார் ஒருவர் விடாமல் உள்மண்டபத்தில் அமர வேண்டும். அவர்களில் மூத்தவர் முகத்தை மேல்நோக்கி வைத்து, எல்லோரும் காணக் குடத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். சிறுவன் ஒரு கட்டை எடுத்து வேறொரு குடத்தில் போட, அதைக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து நடுவனான மத்தியஸ்தனிடம் தர வேண்டும். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். அவன் வாசித்ததை நம்பிமார் அனைவரும் வாசிக்க வேண்டும். பிறகுதான் பெயர் பதிவாகும்.

விரல்களை விரிக்கச் சொல்வது யாரை நோக்கி? மடக்கிய விரல்களுக்குள் வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாம் என்று கண்டவர்களோ அஞ்சியவர்களோதான் இதை எழுதியிருக்க முடியும். குடத்தைத் தூக்குபவர் ஏன் கீழே பார்க்கக் கூடாது, இரண்டாம் குடம் எதற்கு, ஒருவர் வாசித்ததை ஏன் எல்லோரும் திரும்ப வாசிக்க வேண்டும் என்ற ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குற்றச்சாட்டின் தடம் இருக்கிறது. 919இலும் இவை வழக்கத்தில் இருந்திருக்கலாம், சுருக்கம் கருதி எழுதாமல் விட்டிருக்கலாம் என்பது வழக்கமான எதிர்வாதம். இருந்திருக்கலாம்தான். ஆனால் எல்லோரும் அறிந்து ஏற்றுக்கொண்ட வழக்கத்தை இரண்டாண்டு கழித்து, செலவு செய்து, விரல் அளவில் கல்லில் வெட்ட வேண்டிய தேவை வராது. வழக்குக்குள்ளானதையே ஊர் எழுதி வைக்கும்.

ஆண்டு வாரியம் எனப்படும் சம்வத்சர வாரியத்தின் நியமனமும் மாறுகிறது. 919இல் ஓலைகளைச் சேரிவாரியாகத் திரட்டி, பன்னிரண்டு சேரிக்கும் சேரிக்கொருவராகச் சீட்டில் எடுத்து, அவர்களையே ஆண்டு வாரியத்தில் அமர்த்தினார்கள். 921இல் சீட்டு முப்பது பேரை மட்டும் தருகிறது. அவர்களுள் முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்கள், கல்வியில் முதிர்ந்தவர்கள், வயதில் முதிர்ந்தவர்கள் ஆண்டு வாரியத்துக்குப் போகிறார்கள். எஞ்சியவர்களில் பன்னிருவர் தோட்டத்துக்கு, அறுவர் ஏரிக்கு. ஊரின் தலைமை என்று சொல்லத் தக்க வாரியம் சீட்டின் பிடியிலிருந்து அனுபவத்தின் பிடிக்குப் போய்விட்டது. மூத்தோர் அதிகாரத்தை மீட்டுக்கொண்டார்கள் என்று இதைச் சுருக்கிவிடத் தோன்றும். நான் அப்படிப் படிக்கவில்லை. முன்பு வாரியம் செய்த ஒருவரின் பெயர் மீண்டும் குடத்தில் ஏறியிருக்கிறது என்றால், அவர் கணக்கைக் காட்டியவர் என்று பொருள். காட்டாதவர் பெயரை எழுதவே முடியாது. ஆகவே 921இல் அனுபவம் என்பது கணக்குத் தீர்த்த சான்றும்கூட. தலைமைக்கு வருபவர்கள் ஒருமுறை கணக்கால் சலிக்கப்பட்டவர்கள்.

வயது வரம்பு முப்பது முதல் அறுபது என்றிருந்தது முப்பத்தைந்து முதல் எழுபது என்று ஆனதும் இதோடு இசைகிறது. கீழே ஐந்தாண்டைக் கழித்து, மேலே பத்தாண்டைக் கூட்டியிருக்கிறார்கள். ஒருமுறை பணி செய்து, கணக்கு ஒப்புவித்து, மூன்றாண்டு காத்திருந்தவர்கள் கிடைக்க வேண்டுமானால் மேல் வரம்பை உயர்த்தாமல் முடியாது. இது ஊகமே, இதன்மேல் நான் அதிக பாரம் ஏற்றவில்லை.

921இன் விதி உண்மையில் நடந்ததற்குச் சான்று உண்டா என்று கேட்பவர்களுக்கு நீண்ட விடை தேவையில்லை. விதி நடைமுறைக்குச் சான்றாகாதுதான். ஆனால் மாற்றிய விதி, பழைய விதி நடைமுறையில் பட்ட பாட்டுக்குச் சான்று. சோழ அரசின் ஆணையால்தான் மாற்றம் வந்தது, சபைக்கு இதில் பங்கில்லை என்ற வாதமும் தூரம் போகாது. 919இல் தத்தனூர் மூவேந்தவேளானும், 921இல் கரஞ்சை சோமாசிப் பெருமானும் அரசாணையோடு வந்து உடனிருந்தார்கள் என்பதைச் சாசனங்களே சொல்கின்றன. அரசன் சீர்திருத்தம் கேட்டிருக்கலாம். ஆனால் மனைவியின் உடன்பிறந்தானையும் மகளின் கணவனையும் இப்படிப் பிரித்தறிந்து எழுத, அந்த ஊரின் சண்டைகளுக்குள் வாழ்ந்தவர்களால்தான் முடியும்.

குடமும் ஓலையும் உத்தரமேரூரின் கண்டுபிடிப்பு அல்ல. அகநானூற்றின் 77ஆம் பாட்டிலேயே, கயிற்றால் பிணித்த குடத்தின் பொறியை ஆராய்ந்து நீக்கி ஓலையை வெளியே எடுக்கும் ஆவண மாக்கள் உவமையாக வருகிறார்கள். நிலமும் கல்வியும் தகுதியாவதும் புதிதல்ல. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முந்தைய மானூர்ப் பாண்டியர் கல்வெட்டு, சபையில் மன்றாடுவதற்கு, அதாவது பேச்சில் கலந்துகொள்வதற்கு, நிலப்பங்கும் மந்திர பிராமண அறிவும் வேண்டும் என்கிறது. எதற்கெடுத்தாலும் ‘அன்று’ என்று மறுப்பவருக்கு ஐந்து காசு தண்டமும் விதிக்கிறது. அங்கே கணக்கோடு கட்டப்பட்ட உறவு விலக்கு இல்லை. பழையதும் புதியதும் இப்படிப் பிரியும்போது, புதியது எது என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

தொலைவிலிருந்து ஓர் ஒப்பீடு இங்கே பயன்படும். வெனிஸ் குடியரசு 1268இல் தன் தலைவரான தோஜைத் தேர்ந்தெடுக்க வகுத்த முறையிலும் சிறுவன் ஒருவன் சீட்டெடுக்கிறான். சீட்டும் வாக்கும் மாறிமாறி வந்து, இறுதியில் 41 பேர் தோஜைத் தேர்ந்தெடுத்தார்கள். இடைப்பட்ட குழுக்களில் ஒரே குடும்பத்தார் இருவர் அமரக் கூடாது. சிறுவனைக் கண்டு வியப்பவர்கள் பலர்; அந்த ஒற்றுமை மேலோட்டமானது. அதே வெனிஸ், இறந்த தோஜின் நடத்தையையும் வரவுசெலவையும் ஆராயும் விசாரணையாளர்களை 1501இல் நியமித்தது என்பதும், குறை காணப்பட்டால் அவருடைய வாரிசுகள் பணம் கட்ட வேண்டியிருந்தது என்பதும்தான் உத்தரமேரூரோடு ஒப்பிடத் தக்கவை. தோஜ் லெயொனார்தோ லொரெதான் இறந்தபின் அவர் வாரிசுகள் அப்படித் தண்டம் கட்டினார்கள். சீட்டால் குடும்பங்களை அடக்க முயன்ற நகரம், இரண்டு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, முன்னவரின் கணக்கை உறவினர் தலையில் வைக்கும் வழிக்கு வந்து சேர்ந்தது. உத்தரமேரூர் அதே தூரத்தை இரண்டாண்டில் கடந்தது என்றால், ஊர் சிறியது என்பதும், ஏரியும் தோட்டமும் பொன்னும் எல்லோர் கண்ணெதிரே இருந்தன என்பதும் காரணமாகலாம். பல்லவர் காலத்திலேயே வைரமேக தடாகம் என்ற ஏரிக்கென்று நிதி வைக்கப்பட்ட ஊர் அது. பொறுப்பில் இருப்பவர் மாறினாலும் முதல் மாறாமல் இருக்க வேண்டிய நிதி அது.

பொன் தொடர்பான வாரியத்தில் கெடுபிடி மேலும் கூடுவதைக் கவனிக்க வேண்டும். பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் கழுதையேறியவரும் பொய்யோலை புனைந்தவரும் விலக்கப்படுகிறார்கள். கழுதையேற்றம் ஊரறிந்த தண்டனை. பொய்யோலை கணக்கையே கெடுக்கும் குற்றம். அதற்கு மேல், இவ்வாண்டு ஆள் கொடுத்த குடும்பு அடுத்த ஆண்டு ஒதுங்கி நிற்க வேண்டும். மற்றக் குடும்புகளிலிருந்தே ஆள் எடுக்க வேண்டும். பிற வாரியங்களில் தனி ஆளுக்கு விதித்த இடைவெளி இங்கே குடும்பு முழுவதற்கும் விதிக்கப்படுகிறது. பொன்னை அளக்கும் கை மாறும்போது, அருகிலிருக்கும் கைக்குப் போகக் கூடாது என்ற கவலையே இதிலும் வேலை செய்கிறது.

சாசனத்தின் பின்பகுதியில் கணக்கு எழுதுபவனைப் பற்றி ஒரு விதி வருகிறது; குடவோலை பற்றிய பேச்சில் அதை எடுத்தாள்பவர் அரிது. நேர்மையாக ஈட்டுபவனே வாரியங்களின் கணக்கை எழுத வேண்டும். எழுதியவன் பெருங்குறிப் பெருமக்கள், அதாவது மகாசபையார், முன் கணக்கைக் காட்டித் தூய்மையானவன் என்று ஏற்கப்பட்ட பிறகே வேறு கணக்கில் புகலாம். தான் எழுதிய கணக்கைத் தானே காட்ட வேண்டும். வேறு கணக்கன் நடுவில் புகுந்து அதை முடித்துவைக்கக் கூடாது. வாரியப் பெருமகனுக்கு மைத்துனனை மறுத்த அதே சபை, கணக்கனுக்கு மாற்றாளையும் மறுக்கிறது.